காசு இருக்கிறது, உறை இல்லை

எங்கள் குடும்பத்துக் காசுப் பெட்டி 2011இல் என் கைக்கு வந்தது. அத்தைதான் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்க வேண்டிய அளவுக்குக் கனமான மரப்பெட்டி. மூடியைத் திறந்தால் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் காகித உறைகள். மொத்தம் 143. ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒரு காசு, உறையின் மேல் தாத்தாவின் கையெழுத்தில் மூன்று நான்கு வரிகள்.

அந்த 143 காசும் இன்றைக்கும் என்னிடம் இருக்கின்றன. உறைகளில் ஒன்பதுதான் மிச்சம். மற்ற 134 உறைகளையும் கிழித்துக் குப்பையில் போட்டது நான். பரம்பரைச் சேகரிப்பு ஒன்று கைக்கு வந்திருக்கிற யாராவது இதைப் படித்தால், பெட்டியில் கை வைப்பதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடுங்கள்.

முதலில் பெட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுடைய தாத்தாவை எங்கள் வீட்டில் கப்பல் தாத்தா என்போம். சரக்குக் கப்பலில் கணக்கு எழுதியவர். இறங்குகிற துறைமுகத்தில் எல்லாம் அந்த ஊர்க் காசு ஒன்றிரண்டை எடுத்துவைப்பது அவர் பழக்கம். சேகரிக்க வேண்டும் என்ற ஆசையைவிட, நல்ல வெள்ளியைக் கைவிடக்கூடாது என்ற எண்ணம்தான் அவருக்கு இருந்திருக்கும். காலம் அப்படி. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா பக்கம் புழங்கிய ஜலசந்திக் குடியேற்ற வெள்ளி டாலர் 1903இல் 26.95 கிராம் இருந்தது. வெள்ளி விலை ஏறி, காசை உருக்கினாலே லாபம் என்ற நிலை வந்ததும் 1907இல் அதை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். இங்கிலாந்துக் காசில் 1919 வரை நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, 1920 முதல் பாதிதான். பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் 91.7 பங்காக இருந்தது 1940இல் பாதியானது. இப்படி மட்டமான காசு வந்ததும் மக்கள் பழைய நல்ல காசை உள்ளே வைத்துக்கொண்டு புதியதைத்தான் செலவழிப்பார்கள். இதைக் கிரெஷாம் விதி என்கிறார்கள். எங்கள் பெட்டியில் கனத்த பழைய காசுகள் நிறைய, பின்னால் வந்தவை சொற்பம். கப்பல் தாத்தாவின் கை அந்த வித்தியாசத்தை நன்றாக அறிந்திருக்கிறது.

அவர் துணிப்பையில் போட்டு வைத்திருந்ததை எல்லாம் வகை பிரித்து, கொஞ்சம் வாங்கிச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் உறை செய்தவர் அவருடைய மகன், அதாவது என் தாத்தா. அவருக்குப் பிறகு அத்தை இருபது வருஷம் வைத்திருந்தார்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது தாத்தா ஒரு ரூபாயை என் உள்ளங்கையில் வைத்து, உருப்பெருக்கியைக் கொடுத்தார். 1911ஆம் வருஷத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். அரசருடைய அங்கியின் மேல் ஒரு பதக்க மாலை, அதில் சின்னதாக ஒரு மிருகம். “நல்லாப் பாரு, என்ன மிருகம் அது?” என்றார். நான் பன்றி என்றேன். “அப்படித்தான் அன்னைக்கும் சொன்னாங்க” என்று சிரித்தார். அது யானை. தும்பிக்கை குட்டையாக விழுந்துவிட்டதால் பன்றி மாதிரித் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்தக் காசுகளைத் திரும்பப் பெற்றுப் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912 முதல் தும்பிக்கை தெளிவாகத் தெரியும்படி அச்சை மாற்றினார்கள். தாத்தா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான், இன்னும் விடவில்லை.

அவ்வளவு ஆசையோடு இருந்த நான் ஏன் உறைகளைக் கிழித்தேன் என்றால், அரைகுறையாகப் படித்ததுதான் காரணம். சாதாரணக் காகிதத்தில் அமிலமும் கந்தகமும் இருக்கும், அது வெள்ளியைக் கறுக்க வைக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அது உண்மையும்கூட. தாத்தாவின் உறைகள் மஞ்சளடித்து, மடிப்பில் கையை வைத்தாலே உதிர்ந்தன. நான் தடித்த ஆல்பம் ஒன்று வாங்கிவந்தேன். பக்கத்துக்கு இருபது பைகள், மெத்தென்ற பளபளப்பான பிளாஸ்டிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, உறையைப் பிரித்து, காசை எடுத்துப் பையில் போட்டு, நாடு, ஆண்டு, மதிப்பு மூன்றையும் சீட்டில் எழுதிச் செருகினேன். உறையில் இருந்த மற்ற வரிகளைப் படித்தேன், ரசித்தேன், எழுதி வைக்கவில்லை. எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். மாலையில் ஒரு கூடை நிறையக் காகிதம் போனது.

தப்பிய ஒன்பதும் என் புத்திசாலித்தனத்தால் தப்பவில்லை. அந்தக் காசுகள் ரொம்பச் சின்னவை. ஆல்பத்தின் பையில் நிற்காமல் நழுவி விழுந்தன. அதனால் பழைய உறையோடு பெட்டியிலேயே விட்டுவிட்டேன். அதில் ஒன்று, 16 மில்லிமீட்டரே இருக்கிற இங்கிலாந்து வெள்ளி மூன்று பென்ஸ். அதன் உறையில் இப்படி இருக்கிறது: “3 பென்ஸ், 1916. அப்பா முதல் முறை லிவர்பூலில் இறங்கிய அன்று கிடைத்த சில்லறை. நல்ல மழை என்று சொன்னார்.”

நல்ல மழை. காசு வெள்ளி, 1.41 கிராம். இதே மூன்று பென்ஸ் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கும். அந்த மழை எங்கள் உறையில் மட்டும்தான் இருக்கிறது. அப்படி 134 மழைகளை நான் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

அந்த ஆல்பம் செய்த வேலை 2017இல்தான் தெரிந்தது. அலமாரியிலிருந்து எடுத்துத் திறந்ததும் புது ரெயின்கோட்டைப் பிரித்தால் வருமே, அந்த வாடை. 1862ஆம் ஆண்டு போட்ட விக்டோரியா ரூபாயின் பக்கம். ராணியின் கன்னத்திலும் கழுத்து மடிப்பிலும் பச்சையாக, ஈரமாக, பிசுபிசுவென்று ஒரு படலம். காசை எடுக்கப் போனால் பிளாஸ்டிக் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. கையில் தேய்த்துப் பார்த்தால் எண்ணெய் மாதிரி. ஆல்பம் முழுக்கப் புரட்டினேன். 31 காசுகளில் அதே பச்சை.

அந்த ஆல்பத்தின் பைகள் பிவிசி என்கிற பிளாஸ்டிக். அது தன்னளவில் விறைப்பானது. அதை மெத்தென்று ஆக்குவதற்கு எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலப்பார்கள். நாளாக ஆக அந்த எண்ணெய் வெளியே கசியும். பிளாஸ்டிக்கும் சிதைந்து கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். வெள்ளிக் காசு என்று நாம் சொல்வதில் செம்பும் இருக்கிறது, ரூபாயில் நூற்றுக்கு 8.3 பங்கு. அமிலம் அந்தச் செம்பைத்தான் பிடிக்கும். அந்தப் பச்சை, செம்பில் ஏறிய களிம்பு.

இதற்கு நல்ல வழி சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு நீக்குகிற திரவத்தில் அசிட்டோன் இருக்கிறது என்று அதை ஊற்றிவிடாதீர்கள். அதில் எண்ணெயும் வாசனையும் நிறமும் சேர்ந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில், காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல், காசை முங்க வைத்து விட்டுவிட வேண்டும். தேய்க்கக் கூடாது. பிறகு வேறு கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒரு முறை அலசி, ஓரத்தைப் பிடித்து எடுத்து, தானாக உலர விட வேண்டும். அசிட்டோன் உலோகத்தை ஒன்றும் செய்யாது, ஒட்டியிருக்கிற பிசினை மட்டும் கரைக்கும். ஏற்கனவே அரித்துப்போன இடம் அரித்ததுதான். என் 31இல் 24 காசுகள் தேறின. ஏழின் முகத்தில் பொடிப்பொடியாகக் குழிகள். விக்டோரியா ரூபாய் அந்த ஏழில் ஒன்று.

ஆகவே ஆல்பம் வாங்கும்போது மைலார் என்று சொல்லப்படுகிற பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன், இவற்றில் ஒன்றா என்று கேட்டு வாங்குங்கள். கடினமான அக்ரிலிக் வில்லைக்கூடுகள் இன்னும் நல்லது. மெத்தென்று மடங்கி, வாடை அடித்தால் வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால் ஒரு செம்புக் கம்பியைச் சூடு செய்து, பிளாஸ்டிக்கின் ஒரு துணுக்கில் வைத்து, மறுபடி சுடரில் காட்டினால், பிவிசியாக இருந்தால் சுடர் பச்சையாக எரியும். வீட்டுக்கு வெளியே, காசுகளுக்குத் தூரத்தில் செய்ய வேண்டிய சோதனை இது. வரும் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது.

பிவிசி செய்த சேதத்தை ஓரளவு சரிசெய்ய முடிந்தது. உறைகள் விஷயத்தில் அது முடியவில்லை. அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எனக்கு உறைக்க வைத்தது ஒரு பெரிய வெள்ளிக் காசு.

ஆஸ்திரியாவின் மரியா தெரேசா தாலர் அது. இருக்க வேண்டிய எடை 28.07 கிராம். ஒரு பக்கம் முக்காடு போட்ட பருத்த ராணி, மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு, ஆண்டு 1780. ராணி இறந்ததும் அதே ஆண்டுதான். செங்கடலைச் சுற்றியிருந்த வியாபாரிகளுக்கு இந்தக் காசின் மேல் இருந்த நம்பிக்கையால், அவர் போன பிறகும் அதே முகத்தோடு, அதே 1780 என்ற ஆண்டோடு அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். எத்தியோப்பியாவிலும் ஏமனிலும் வேறு காசு கொடுத்தால் வாங்க யோசிப்பார்கள். 1935இல் இத்தாலி ஆஸ்திரியாவிடமிருந்து அச்சை வாங்கி ரோமில் அடித்தது. அடுத்த வருஷம் லண்டனில் தொடங்கினார்கள். பிறகு பம்பாயிலும் அடித்தார்கள். ஆக, காசில் 1780 என்று இருப்பதை வைத்து அதன் வயதைச் சொல்லவே முடியாது. ராணியின் மார்பில் இருக்கும் பதக்கத்து முத்துகள், கழுகின் இறகுகள் என்று நுணுக்கமாகப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அதிலும் பல சமயம் நிச்சயம் கிடைக்காது.

ஆனால் அந்த உறையில் கப்பல் தாத்தா அதை எந்தத் துறைமுகத்தில், எந்த வருஷத்தில் வாங்கினார் என்று எழுதியிருந்தது. எழுதியிருந்தது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 1935க்கு முன்பு என்றால் ரோம், லண்டன், பம்பாய் எல்லாம் கழிந்துவிடும். காசில் இல்லாத ஒரு சாட்சி அந்த நாலு வரியில் இருந்தது. நான் அதைக் கிழித்து ஐந்து நிமிஷத்தில் அடுத்த காசுக்குப் போய்விட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. எல்லாக் காசையும் மறுபடி எடை போட்டபோது ஒரு ரூபாய் உதைத்தது. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும். நூறு வருஷம் கைமாறித் தேய்ந்திருந்தாலும் அரை கிராமுக்கு மேல் குறைவது அபூர்வம். இது 9.82 கிராம். தேய்மானமும் பெரிதாக இல்லை. அடர்த்தி பார்த்தேன். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய தராசு இருந்தால் போதும். தராசின் மேல் குவளையில் தண்ணீர் வைத்து, தராசு காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. நல்ல ரூபாய்க்குத் தராசு 1.13 காட்டும், அடர்த்தி 10.3 வரும். சுத்த வெள்ளிக்கு 10.49. சந்தேகப்பட்ட காசும் 1.13 காட்டியது, அடர்த்தி 8.7தான். வெள்ளியே இல்லை. உருப்பெருக்கியில் பார்த்தால் ஓரத்துப் பல்வரிசைக்குக் குறுக்கே மெல்லிய கோடு ஓடியது. அச்சு அடிக்காமல் வார்த்து எடுத்த கள்ளக்காசு.

அத்தையிடம் காட்டினேன். கையில் வாங்கி ஒரு தடவை உருட்டிவிட்டுச் சொன்னார், “இதா? இது கள்ளக்காசுன்னு உங்க தாத்தாவுக்கே தெரியும். அடையாளத்துக்குன்னு வெச்சிருந்தாரு. உறையில சிவப்பு மையில எழுதியிருப்பாரே?”

சிவப்பு மை. அந்த உறையையும் கிழித்தது நான்தான். தாத்தா தனியாகப் பிரித்து வைத்திருந்த போலியை நல்ல காசுகளின் நடுவில் கொண்டுபோய்ச் சேர்த்து, நாளைக்கு என் அண்ணன் பிள்ளைகள் அதை நம்பி ஏமாறுகிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன். அன்றைக்குத்தான் அத்தையிடம் உறைகளைப் போட்டுவிட்டதை ஒப்புக்கொண்டேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த உறைகளில் பாதியைச் சின்ன வயதில் மடித்து ஒட்டியது அவர்தானாம். எனக்கு அதுவும் தெரியாது. கடைசியில், “சரி விடு கண்ணு. காசை எடுத்துட்டு வா. ஞாபகம் இருக்கிறவரைக்கும் சொல்றேன்” என்றார்.

அப்புறம் எட்டு மாதம், வாரத்துக்கு ஒரு நாள், ஐந்தாறு காசுகளோடு அத்தை வீட்டில் உட்கார்ந்தோம். போனில் பதிவு செய்துகொண்டேன். மேசையில் தடித்த துணி விரித்து, அதன் மேல் தாழ்வாகப் பிடித்துத்தான் பார்ப்போம். கை தவறினாலும் காசு தரையில் விழாது. ஓரத்தை மட்டும் பிடிக்க அத்தைக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, தாத்தா பழக்கியிருந்தார். விரல் ரேகையில் இருக்கும் எண்ணெயும் உப்பும் காசின் முகத்தில் தங்கி, வருஷங்கள் கழித்துக் கறையாக மேலே வரும். எங்கள் காசுகளில் ஒன்றில் ஒரு பெருவிரல் ரேகை அப்படியே இருக்கிறது. யாருடையது என்று அத்தைக்கும் தெரியவில்லை.

அவர் கண்ணால் அடையாளம் பார்த்ததைவிட விரலால் பார்த்ததுதான் அதிகம். இங்கிலாந்து அரைக் கிரவுன் ஒன்றில் மேலே காது வைத்துப் பற்றவைத்திருந்தது. அதை நான் பாழான காசுகள் என்று ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தேன். சந்தையில் அதற்கு வெள்ளி எடைக்கு மேல் ஒன்றும் கிடைக்காது, அது சரிதான். அத்தை அதைத் தொட்டதும் முகம் மாறிவிட்டது. “இது என் கழுத்துல கிடந்தது” என்றார். மூன்று வயதில் அவர் காய்ச்சலில் கிடந்து தேறி எழுந்தபோது கப்பல் தாத்தா காது வைத்துக் கயிற்றில் கோத்துப் போட்டாராம். கடிப்பாராம். உருப்பெருக்கியில் பார்த்தேன். விளிம்பில் இரண்டு சின்னப் பள்ளங்கள் இருந்தன. நான் தேய்மானம் என்று குறித்து வைத்திருந்தவை.

இந்தப் பதிவுகளை வைத்துத்தான் ஒவ்வொரு காசின் விவரமும் எழுதிய, இப்போது இருக்கிற ஏடு உருவானது. நான் செய்கிற முறையைச் சொல்கிறேன், உங்களுக்குத் தோதாக மாற்றிக்கொள்ளுங்கள். காசு இருக்கிற இடத்தைவிட்டு நகர்த்துவதற்கு முன்பே, பெட்டியைத் திறந்தபடி அப்படியே படம் எடுத்துவிடுவது முதல் வேலை. எந்தக் காசுக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஒரு தகவல். வகை பிரித்தவர் மனதில் என்ன ஓடியது என்று அதில் தெரியும். பிறகு ஒவ்வொரு காசுக்கும் ஓர் எண். காசு புதுக் கூட்டுக்குப் போகட்டும், பழைய உறை, சீட்டு, நூல், துண்டுக் காகிதம் எதுவானாலும் அதே எண்ணோடு அமிலமில்லாத காகித உறையில் தனியாக இருக்கட்டும். காகிதம் காசைக் கெடுக்கும் என்றால் இரண்டையும் பிரித்து வைத்தாலே போதும். இவ்வளவு சின்ன விஷயம் எனக்கு 2011இல் தோன்றவில்லை.

படம் என்றால் தலை, பூ, ஓரம் மூன்றும் எடுக்க வேண்டும். ஓரத்தை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். மரியா தெரேசா தாலரின் ஓரத்தில் நீதியும் கருணையும் என்று பொருள்படும் லத்தீன் வாசகம் ஓடுகிறது. கள்ளக்காசைக் காட்டிக்கொடுப்பதும் பெரும்பாலும் ஓரம்தான். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் எழுத்துகள் எழுந்து தெரியும். எடையும் விட்டமும் குறித்துக்கொள்ளுங்கள். காந்தத்தில் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். வெள்ளியும் செம்பும் ஒட்டாது. எங்களிடம் 1943ஆம் வருஷத்து அமெரிக்க ஒரு சென்ட் இருக்கிறது. போரில் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஒரு வருஷம் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். காந்தத்தில் டக்கென்று ஒட்டிக்கொள்ளும், அண்ணன் பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்த காசு. அதே வருஷத்தில் தவறிப்போய்ச் செம்பில் விழுந்த சில அபூர்வக் காசுகளும் உண்டு. அதனால் எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

குடும்பக் கதையை எழுதும்போது யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று சேர்த்து எழுதுகிறேன். உறையில் தாத்தா எழுதியது ஒரு நிறம், அத்தை சொன்னது ஒரு நிறம், நான் புத்தகம் பார்த்து ஊகித்தது வேறு நிறம். அத்தை ஒரே காசைப் பற்றி மார்ச்சில் ஒன்றும் ஆகஸ்டில் வேறொன்றும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் வைத்திருக்கிறேன். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. உறைமேல் எழுதுவதற்குப் பென்சில்தான் நல்லது. காசை உள்ளே போடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். அழுத்தி எழுதினால் உள்ளே இருக்கிற காசில் தடம் விழும்.

சுத்தம் செய்வதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. செய்யாதீர்கள். பற்பசை, சோடா உப்பு, புளிப்பான எதுவும், பாத்திரம் துலக்குகிற பொடி, எதுவுமே வேண்டாம். வெள்ளியின் மேல் வந்திருக்கிற கறுப்பும் நீலமும் பொன்னிறமும் காற்றிலிருக்கும் கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டான மெல்லிய படலம். அதைத் தேய்த்து எடுத்தால் அடியில் இருக்கும் உலோகத்தின் மேல்தோலும் கூடவே போகும். காசின் நிலையை 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டுச் சொல்லும் முறையை 1949இல் ஷெல்டன் என்பவர் வகுத்தார். இன்றைய தரச்சான்று நிறுவனங்கள் பயன்படுத்துவது அதன் வழிவந்த முறைதான். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குப் பெரும்பாலும் மதிப்பெண்ணே தராமல் ‘சுத்தம் செய்தது’ என்று எழுதித் திருப்பிவிடுவார்கள். ஒரு விலக்கு உண்டு. செம்புக் காசில் வெளிர்பச்சையாகப் பொடிப்பொடியாய் உதிர்ந்து, நாளுக்கு நாள் பரவினால் அது சாதாரணக் களிம்பு இல்லை, குளோரைடு உள்ளே புகுந்த நோய். அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, உலர்ந்த இடத்தில் வைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பெட்டியை வைக்கிற இடத்தில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். ரப்பர் வளையமும் கம்பளித் துணியும் பக்கத்தில் வேண்டாம், இரண்டிலும் கந்தகம். எங்கள் மரப்பெட்டியையும் காலி செய்துவிட்டேன். மரத்திலிருந்து கசியும் அமில ஆவியும் உலோகத்துக்கு ஆகாது. இப்போது அதில் ஒன்பது உறைகளும் தாத்தாவின் உருப்பெருக்கியும் மட்டும் இருக்கின்றன.

பங்கு பிரிப்பது பற்றி ஒரு வார்த்தை. நானும் அண்ணனும் காசுகளைப் பிரிக்கவில்லை. பெட்டி என்னிடம், ஏட்டின் நகல் அவனிடம். எல்லாக் குடும்பத்திலும் இது நடக்காது என்று தெரியும். பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் முழு ஏட்டையும் எழுதி முடித்து ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றி மாற்றி ஆளுக்கொன்றாகத் தேர்ந்தெடுங்கள். எடை போட்டுச் சரிபாதியாகப் பிரித்தால், காது வைத்த காசு யாருக்கும் வேண்டாததாகிவிடும். விற்பதாக இருந்தால், வாங்கப்போகிறவரையே மதிப்புப் போடச் சொல்லாதீர்கள். ஒரு விக்டோரியா ரூபாயில் இருக்கும் சுத்த வெள்ளி 10.69 கிராம். அந்த எடைக்கான விலைதான் அடிமட்டம். அதை மட்டும் காட்டி அவசரப்படுத்துகிறவரிடம் கொடுக்க வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்லப் பல நாடுகளில் அனுமதி வேண்டும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் தாலரை மறுபடி அத்தையிடம் கொண்டுபோனேன். இப்போது அவருக்குப் பார்வை ரொம்ப மங்கிவிட்டது. உள்ளங்கையில் வைத்ததும் கை கொஞ்சம் தாழ்ந்தது, கனம். பெருவிரலால் ஓரத்து எழுத்தை மெல்லத் தடவினார்.

“குண்டு ராணி” என்றார்.

“ஆமா அத்தை. எங்க வாங்குனதுன்னு ஞாபகம் இருக்கா?”

“ஏடன்ல. கப்பலுக்குக் கரி ஏத்த நிறுத்தியிருந்தப்ப. கரையில ஒரு ஆளு தராசு வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தானாம். தாத்தா ரூபாயைக் கொடுத்து இதை வாங்குனாராம்.”

“எந்த வருஷம்?”

யோசித்தார். காசைத் திருப்பி, கழுகின் பக்கத்தையும் ஒரு முறை தடவினார்.

“உறையில இருந்துச்சு கண்ணு.”

வீட்டுக்கு வந்து புது உறையில் பென்சிலால் எழுதினேன். எண் 58. மரியா தெரேசா தாலர், 28.03 கிராம். ஏடன் துறைமுகம், கரி ஏற்ற நின்றபோது. கரையில் தராசோடு ஒருவர். அத்தை சொன்னது. ஆண்டு என்று போட்டு, அதற்குப் பக்கத்தில் நான்கு எண்கள் எழுதுகிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.